மூதூரும் புத்தூரும்: தமிழ்ப் பெயரடையின் தோற்றமும் திரிபும்

கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த ஊர்ப்பெயர்களுட் பல, பண்புணர்த்தும் சொல்லொன்றை முன்னே கொண்டவை. சீனன்குடாவை அடுத்து வெள்ளைமணலும் கருமலையூற்றும் உள்ளன. 2009ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து கிண்ணியாவுட் புகுந்தால் பெரிய கிண்ணியா, சின்னக் கிண்ணியா, பெரியாற்றுமுனை என்பன வரும். குடாவின் மறுபுறத்தே மூதூர். உள்நாட்டுப் பக்கமாகக் கந்தளாயிலே பேராறு. வெள்ளை, கரு, பெரிய, சின்ன, பேர், மூது என்னும் இவ்வாறு அடைகளும் ஒரே தொழிலையே செய்கின்றன. தமக்குப் பின் நிற்கும் பெயரின் பண்பை உணர்த்துவதே அத்தொழில். ஆயினும் அவற்றின் அமைப்பு ஒன்றுபட்டதன்று. கருமலை என வழங்கும் நாவே வெண்மணல் என்னாது வெள்ளைமணல் என்கிறது. பெரிய என்பதும் பேர் என்பதும் ஒரே வேரிற் பிறந்தனவாயினும் முன்னையது ஆற்றுமுனைக்கும் பின்னையது ஆற்றுக்கும் அடையாயின. தமிழிலே பெயரடை என்றொரு தனிச்சொல்வகை உண்டா, உண்டாயின் அதன் மூலவடிவம் யாது, அது எவ்வெவ்வாறு திரியும் என்னும் வினாக்களுக்கு இந்தச் சிறு நிலப்பரப்பின் பெயர்களே போதிய சான்றுகளைத் தருகின்றன.

பள்ளிக்கூட இலக்கணம் இவ்வினாக்களுக்கு ஒரே விடையை வைத்திருக்கிறது. மூதூர் என்பதைப் பிரித்தெழுதுமாறு கேட்டால் மாணவன் 'முதுமை + ஊர்' என எழுதுவான். பேராறு 'பெருமை + ஆறு' ஆகும். கருமலை 'கருமை + மலை' ஆகும். இவ்விடைக்கு மூலம் பவணந்தி முனிவரின் நன்னூல். பண்புப்பெயர் நிலைமொழியாக நின்று புணரும்போது அடையக்கூடிய மாற்றங்கள் ஏழினை நன்னூலார் ஒரே நூற்பாவில் தொகுத்தார். ஈற்றிலுள்ள மை விகுதி கெடுதல், இடைநின்ற உகரம் இகரமாதல், முதலெழுத்து நீளுதல், உள்நின்ற ஒற்று இரட்டித்தல் ஆகியன அவற்றுட் சில. ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கம் வழியாக யாழ்ப்பாணத்திலும் பிற இடங்களிலும் பல தலைமுறையினர் இவ்விதியைக் கற்றனர். விதியின் சிக்கனம் வியக்கத்தக்கது. பெருமையிலிருந்து பெரியனும் பேராறும் பெருநகரும், பசுமையிலிருந்து பாசிலையும் பச்சிலையும் பைந்தாரும் ஒரே நூற்பாவின் நிழலில் அடங்கிவிடுகின்றன.

எனினும் இவ்விதியை இருவேறு நோக்கில் மதிப்பிடுதல் வேண்டும். வழக்கிலுள்ள வடிவங்களைத் தொடர்புபடுத்திக் காட்டும் கருவி என்ற வகையில் அது சிறந்தது. சொற்பிறப்பு வரலாறு என்ற வகையில் அது தலைகீழானது. பெருமை என்னும் சொல்லே பெரு என்னும் அடியும் மை என்னும் விகுதியும் சேர்ந்து ஆனது. வெண்மையை வெள்ளும் மையுமாகவும், செம்மையைச் செம்மும் மையுமாகவும் பிரித்த பின்னரே அவற்றின் பொருள் விளங்கும். முதலிலே விகுதி சேர்த்துப் பெயராக்கி, அப்பெயரிலிருந்து அதே விகுதியை நீக்கி, எஞ்சியதை வேறொரு பெயரோடு சேர்ப்பது என்னும் சுற்றுவழியில் எந்த மொழியும் சென்றிருக்க இயலாது. கன்னடத்திலே செந்நிறத்தைக் குறிக்கும் கெம்பு, செங்கண்ணைக் குறிக்கும் கெங்கண்ணு ஆகியவற்றில் மைகாரத்தின் சுவடே இல்லை. தமிழில் அண்ணவுயிருக்கு முன் நின்ற ககரம் சகரமாயிற்று என்னும் விதியைக் கொண்டு நோக்கினால், செம் என்பதும் கெம் என்பதும் ஒரே அடியின் இரு வடிவங்களாதல் தெளிவாகும். சிறு என்பதற்குக் கன்னடத்திலே கிறு என நிற்பதும் இவ்வாறே. ஒப்பியல் அறிஞர் உடுக்குறியிட்டு மூலத்திராவிட வடிவமாகத் தருவது *கெம் என்னும் வெற்றடியையே.

பவணந்தியார் ஏன் மையீற்றுப் பெயரிலிருந்து தொடங்கினார் என்பது ஊகிக்கத்தக்கது. கரு, முது, செம் என்பன தனித்து நின்று பொருள் பயக்கும் வழக்குச் சொற்களல்ல. நிலைமொழி வருமொழியாகச் சொற்புணர்ச்சி கற்பிக்கும் ஆசிரியனுக்குத் தனித்து நிற்கும் சொல்லொன்று தேவை. அத்தேவையை மையீற்றுப் பெயர் நிறைவு செய்தது. பிழை அவருடையதன்று, கற்பித்தலுக்காக வகுத்த வழியை வரலாறாகக் கொண்ட பிற்காலத்தாருடையது.

தொல்காப்பியர் இவ்விடத்தில் மேற்கொண்ட நிலை இன்னும் கூர்ந்து நோக்கற்பாலது. எழுத்ததிகாரத்திலே குற்றியலுகரப் புணரியலின் இறுதிப் பகுதியில், பண்புத்தொகையையும் வினைத்தொகையையும் புணர்ச்சியாற் பிரித்துக் காட்ட இயலாதவற்றுள் அவர் சேர்த்தார். உரையாசிரியர் இதற்குக் கூறும் விளக்கம் சுவையானது. கரு என்னும் அடி ஆண், பெண், பலர், ஒன்று, பல என்னும் ஐம்பாலுக்கும் பொதுவாக நிற்கும். விரிக்கும்போதோ கரியனாகிய, கரியளாகிய, கரியராகிய, கரிதாகிய, கரியவாகிய என ஐவகையாக விரியும். தொகையில் நின்றது இவற்றுள் எதுவெனக் காட்ட வழியில்லை. ஆகவே அதனைப் பிரித்தலும் இல்லை. மூலவடிவத்தை ஏதேனும் ஒரு விகுதியோடு கூட்டிச் சொல்ல மறுத்த இந்த அடக்கம், வெற்றடியே மூலம் என்னும் இக்கால முடிவுக்கு நன்னூலை விட அணித்தாயுள்ளது. உரியியலிற் கூறப்படும் உரிச்சொல்லே ஆங்கில இலக்கணத்தின் பெயரடைக்கு நிகரானது என எழுதுவோரும் உளர். சால, உறு, தவ, நனி முதலியவற்றைப் பெயரடை எனல் எவ்வாற்றானும் பொருந்தாது. பெயரடையைத் தேடவேண்டிய இடம் உரியியலன்று. தொகைகளும் குறிப்பு வினையுமே.

1856இல் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், திராவிட மொழிகளின் பெயரடைகளுக்குப் பால், எண், வேற்றுமை எவையுமில்லை என்றும், அவை பெயருக்கு முன்னே வைக்கப்படும் பண்புப்பெயர்களோ எச்சங்களோ ஆகும் என்றும் கருதினார். வடமொழியிலும் இலத்தீனிலும் அடையானது தான் தழுவும் பெயரின் பாலையும் வேற்றுமையையும் தானும் ஏற்கும். திராவிடத்தில் அஃதில்லை என்ற அளவில் அவர் கூற்று சரியே. ஆனால் பலவற்றை ஒரே மூட்டையாகக் கட்டிய குறை அதில் உண்டு. கிண்ணியாப் பெயர்களை வைத்து நோக்கினாலே அந்த மூட்டை அவிழ்ந்துவிடும். கருமலையிலும் மூதூரிலும் நிற்பது வெற்றடி. பெரிய கிண்ணியாவில் நிற்பது குறிப்புப் பெயரெச்சம். வெள்ளைமணலில் நிற்பது வெள்ளை என்னும் முழுப்பெயர். சின்ன என்பது இவற்றுள் எதனைச் சேர்ந்தது?

இதற்கு வல்லெழுத்து மிகுதலே விடையளிக்கும். பெரியதம்பி, நல்லதம்பி என்னும் ஆட்பெயர்களில் தகரம் மிகாது. சின்னத்தம்பி என்பதில் மிகும். பெரிய கிண்ணியா இயல்பாக நிற்க, செவ்விதாக எழுதுவோர் சின்னக் கிண்ணியா என ஒற்றிட்டே எழுதுவர். வெள்ளைத்துணி என்பதிலும் மரம் என்பது ஈறு குன்றி வரும் மரக்கிளை என்பதிலும் வல்லெழுத்து மிகுதல் போன்றதே இது. எனவே சின்ன என்பது பொருளிலே பெரிய என்பதற்கு எதிர்ச்சொல்லாயினும் இலக்கண நடத்தையிலே பெயரின் பக்கம் நிற்பது. ஈழத்திலே வீட்டுக்கு வீடு வழங்கிய பெரியதம்பி, சின்னத்தம்பி என்னும் இரு பெயர்கள் இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைப் பாதுகாத்து வைத்திருக்கின்றன; இலக்கண நூல்களோ இதனைப் பெரும்பாலும் விதிவிலக்கென்று சொல்லிக் கடந்துவிடுகின்றன.

இனி, வெற்றடியின் திரிபுக்கு வருதல் தகும். சிக்கலின் மையம் இங்கேதான் உள்ளது. வெற்றடிக்குப் பின் மெய்யெழுத்து வரும்போது பெருநகர், முதுகுடி, சிறுதொழில், புதுமனை என எல்லாம் ஒரே சீராக நிற்கும். உயிரெழுத்து வரும்போதுதான் அவை பிரிந்து வெவ்வேறு வழியிற் செல்கின்றன. பெரு, அரு, கரு போன்ற ரகர அடிகள் முதலெழுத்து நீண்டு பேர், ஆர், கார் ஆகும். ஒரு, இரு என்னும் எண்ணடிகளும் ஓர், ஈர் என இவ்வழியே செல்லும். செய்தித்தாள் அலுவலகங்களிலே 'ஒரு நகர், ஓர் ஊர்' என்று இன்றும் திருத்திக் கொடுக்கப்படுவது இவ்விதியின் எச்சமே. சிறு, நெடு, குறு போன்ற அடிகளோ நீளாமல் ஒற்று இரட்டிச் சிற்றூர், நெட்டிலை, குற்றுயிர் ஆகின்றன. நல், வெள், தொல் போன்ற ஒற்றீற்று அடிகளும் நல்லூர், வெள்ளாடு என இரட்டிக்கின்றன.

நீளல், இரட்டல் என்னும் இரண்டையும் நன்னூல் அடுத்தடுத்து வைக்கிறது; எது எங்கே வரும் என்பதைச் சொல்லவில்லை. சற்று ஆராய்ந்தால் ஒரு காரணம் புலப்படும். தமிழில் ரகரமும் ழகரமும் இரட்டிப்பதில்லை. டகரம், தகரம், றகரம், லகரம், ளகரம் முதலியன இரட்டிக்கும். இரட்டிக்க இயலும் எழுத்து இரட்டித்தது. இயலாத எழுத்துக்கு முன்னுள்ள உயிர் நீண்டது. இரு வழியிலும் முதலசை கனத்தது. இது நன்னூலார் சொன்ன நீளலுக்குச் சாதகமான விளக்கமே.

ஆயின் பத்திரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1955இல் வெளியிட்ட கட்டுரையிலும், 2003இல் வந்த 'திராவிட மொழிகள்' என்னும் பெருநூலிலும் வேறொரு கோணத்தைக் காட்டினார். திராவிட அடிகளில் நெடில் கொண்ட ஓரசை வடிவமும், உயிரை முதலாகவுடைய விகுதி சேர்ந்து குறிலாகிய ஈரசை வடிவமும் அருகருகே நிற்கும். விகுதியின் உயிரே முதலசையைக் குறுக்கியது என்பது அவர் கருத்து. அவ்வாறாயின் பெரு நீண்டு பேர் ஆகவில்லை; உகரம் வந்து சேர்ந்ததாற் பேர் குறுகிப் பெரு ஆயிற்று. ஏழ் என்னும் எண் தனித்து நிற்கும்போது நெடிலாகவும் எழுபது என்பதிற் குறிலாகவும் இருப்பது இதற்குத் துணை. கருமுகிலைக் குறிக்கும் கார், செம்மை உணர்த்தும் சேய் ஆகியன பின்னே எந்த உயிரும் வராமலே நெடிலாக நிற்பதை நீளல் விதியால் விளக்க முடியாது. பழைய கன்னடத்திற் பெருங்காட்டைக் குறித்த பேரடவி, தெலுங்கிலே பேரவையைக் குறித்த பேரோலகமு ஆகியன, பேர் என்னும் நெடில் வடிவம் தமிழர் செய்யுளுக்காக நீட்டிக்கொண்டது அன்று என்பதை உறுதி செய்கின்றன.

இவ்விரு கொள்கைகளையும் உரசிப் பார்க்க மூதூரை விடச் சிறந்த கல் இல்லை. முது, புது என்பன இரண்டும் தகரம் பெற்ற உகரவீற்று அடிகள். எதுகைக்குச் சேர்த்துவைத்தாற் போன்றவை. பொருளிலும் ஏறத்தாழ எதிர்ச்சொற்கள். தகரம் இரட்டிக்கும் எழுத்து. ஆகவே புதுவிலிருந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்திலுள்ள புத்தூர் வந்தது போல முதுவிலிருந்து முத்தூர் வந்திருக்கவேண்டும். வந்தது மூதூர். மூதாட்டி, மூதுரை, மூதறிஞர், மூதாதை என அனைத்தும் நெடிலோடு நிற்கின்றன. புதுவுக்கோ புத்தாடை, புத்துயிர், புத்தரிசி என அனைத்தும் இரட்டல். 'ஆதி நீடல்' என்று பெயரிட்டுவிட்டால் இதற்கு விளக்கம் கிடைத்ததாகாது. ஏன் ஒன்று நீண்டது, மற்றொன்று இரட்டித்தது என்பதே வினா.

முதுவுக்கு ஒரு தாய்வினை உண்டு. புதுவுக்கு இல்லை என்பதே விடை. வயது முதிர்தலைக் குறிக்கும் மூ என்னும் வினை தமிழில் மூத்தான், மூப்பு என வழங்குகிறது. மலையாளத்தில் மூத்த, மூப்பன் என்பனவும், கன்னடத்தில் முப்பு, முதி, முதுக என்பனவும், தெலுங்கில் முதி, முதுரு என்பனவும் அதே குடும்பம். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, 1961ஆம் ஆண்டுப் பதிப்பிலும் 1984ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பிலும், இவற்றை ஒரே குடும்பமாக வைத்தது. நெடில் மூவிலிருந்து குறில் முது எவ்வாறு வந்தது என வினவலாம். வே என்னும் அடியிலிருந்து வெந்தது, வெதுப்பு என்பனவும், நோ என்னும் அடியிலிருந்து நொந்தது என்பதும் வந்தவாறே வந்தது. வேவுக்கு வெது எவ்வாறோ, மூவுக்கு முது அவ்வாறு. மூதூரின் ஊகாரம் பிற்பட்டு நீண்டதன்று. அடியிலேயே இருந்த நெடில். புதுவுக்குப் பின்னே அத்தகைய நெடில் வினை ஏதுமில்லை. மலர்தலைக் குறிக்கும் பூ முற்றிலும் வேறானது. நீட்டுதற்கு மூலத்தில் நெடில் இல்லாத புது, மற்றைத் தகர றகர அடிகளைப் போல இரட்டித்தது. ஒரே ஈறுடைய இரு சொற்களின் வேறுபட்ட நடத்தையைக் கிருஷ்ணமூர்த்தியின் கொள்கை விளக்குகிறது. நன்னூல் பதிவு செய்கிறது. ரகர அடிகளில் இரு கொள்கையும் ஒருவாறு நிற்கும். முதுவில் ஒன்றுதான் நிற்கும். பாசிலை, பச்சிலை என இரு வழியும் சென்ற பசு மட்டும் இன்னும் பணிய மறுக்கிறது. செய்யுள் வழக்கிலே பாசிலையும் பிற்கால வழக்கிலே பச்சிலையும் மிகுந்து தோன்றுவதால், இரட்டல் பின்னே பரவிய பழக்கமோ என ஐயுற இடமுண்டு.

மூதூரை ஆங்கிலத்தில் எழுதும்போது தகரத்தை இரட்டித்து முத்தூர் எனப் படிக்குமாறு எழுதும் பழைய வழக்கம் ஒன்றுண்டு. அவ்வெழுத்துக்கூட்டலைத் தமிழுக்குத் திருப்பி, முத்தோடு தொடர்புபடுத்திக் கதை புனைவது எளிது. அடியின் இயல்பை அறிந்தோர்க்கு அதற்கு இடமில்லை.

பழமையையும் புதுமையையும் குறிக்கும் அடைகள் ஊர்ப்பெயர்களில் உறைந்து, பிற்கால இலக்கண மாணவனைத் திகைக்க வைப்பது தமிழுக்கே உரிய நிகழ்ச்சியன்று. ஐரோப்பாவின் மேற்கோரத்திலே ஐரிஷ், வெல்ஷ், பிரெத்தொன் முதலிய கெல்திக்கு மொழிகளும் இதே சோதனையைத் தருகின்றன. முதுமையை உணர்த்தும் அடைக்குப் பழைய ஐரிஷில் சென் என்றும், வெல்ஷில் ஹேன் என்றும் வடிவம். வெல்ஷ் கிளையில் சொன்முதற் சகரம் ஹகரமாதல் விதியாதலின் இரண்டும் ஒன்றே. இலத்தீனின் செனெக்ஸ், இலித்துவேனியத்தின் செனஸ், வடமொழியின் ஸன ஆகியவற்றோடு ஒப்பிட்டு மூலக்கெல்திக்கு வடிவத்தை *செனொஸ் என அறிஞர் மீட்டமைத்தனர். ஆண்பாலுக்கு *செனொஸ், பெண்பாலுக்கு *செனா, அலிப்பாலுக்கு *செனொம் என அது திரியும். எண்ணாலும் வேற்றுமையாலும் மேலும் திரியும். கால்டுவெல் தமிழிற் காணாத திரிபு இதுவே.

இங்கே உடுக்குறியிட்ட *செனொஸ் என்பது ஆண்பால் ஒருமை எழுவாய் வடிவம். அகராதியில் ஏதேனும் ஒன்றைத் தலைச்சொல்லாக வைக்கவேண்டியிருப்பதால் அது வைக்கப்பட்டது. தொகைச்சொற்களில் நின்றது *செனொ என்னும் பாலற்ற அடியே. பழைய கோல் நாட்டிலே செனோமாகுஸ் என்றோர் ஊரும், நோவியோமாகுஸ் என்ற பெயரில் பல ஊர்களும் இருந்தன. மாகுஸ் என்றால் வெளி, சந்தை. முன்னது பழஞ்சந்தை, பின்னது புதுச்சந்தை. நெதர்லாந்தின் நைமேகன், பிரான்சின் நுவாயோன் ஆகியன நோவியோமாகுஸின் மருவிய வடிவங்கள். இவ்வூர்ப்பெயர்களின் முன்னுறுப்பிற் பால் விகுதி கிடையாது. கருமலையின் கருவைப் போலவே அது வெற்றடி. திரிபு மிக்கதெனப் பெயர்பெற்ற மொழிக்குடும்பமும் தொகையில் அடியையே பயன்படுத்தியது என்றால், மைகாரத்தை மூலமாக வைத்த நன்னூல் உரையாசிரியரும் ஆண்பால் எழுவாயைத் தலைச்சொல்லாக வைத்த கெல்திக்கு அகராதிக்காரரும் ஒரே வகையான வசதியைத்தான் நாடினர் என்பது புலனாகும்.

இக்கால வெல்ஷில் அடை பெரும்பாலும் பெயருக்குப் பின்னே வரும். புதிய என்னும் பொருளுடைய நெவித் என்பது அவ்வாறே பின்வரும். ஹேனோ பெயருக்கு முன்னே நிற்கும். பாலுக்கும் எண்ணுக்கும் மாறாது. தான் மாறாத அது, பின்வரும் சொல்லின் முதலெழுத்தை மாற்றிவிடும். பெண்ணைக் குறிக்கும் மெர்ஹ் என்பது ஹேனுக்குப் பின் வெர்ஹ் ஆகும். சேர்ந்த பொருள் முதுகன்னி. ஐரிஷிலும் பெண்ணைக் குறிக்கும் பன், ஷன்வன் என்னும் தொகையிலே வன் ஆகிறது. காரணம், *செனொ என்பதன் ஈற்றுயிர். அவ்வுயிருக்கும் அடுத்த உயிருக்கும் இடைப்பட்ட மெய் மென்மையுற்றது. பின்னர் ஈற்றுயிர் மறைந்தது. அதன் விளைவு மட்டும் அடுத்த சொல்லின் தலையில் எஞ்சியது. சின்னத்தம்பியின் தகர ஒற்றும் இதனோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்கது. அங்கும் அடையின் இனத்தை அறிவிப்பது அடையன்று, அதன் அயல். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கெல்திக்கில் அயலெழுத்து மெலிந்தது. தமிழிலோ இரட்டல், உயிரிடைப்பட்டு மெலியவிருந்த வல்லெழுத்தை வலிமையாகவே காத்தது.

திராவிட அடை திரியாது என்னும் கூற்றுக்கு மறுபக்கமும் உண்டு. பெயருக்கு முன் நிற்கும்போது திரியாத அதே அடி, பயனிலையாகும்போது கெல்திக்கிலும் காணாத திரிபைக் கொள்கிறது. முதியன், முதியள், முதியர், முதிது, முதிய என ஐம்பாலும் காட்டுவதோடு, முதியேன், முதியை எனத் தன்மையும் முன்னிலையும் அது காட்டும். *செனொஸ் என்பதற்கு 'நான் முதியவன்' என்பதை ஒரே சொல்லாற் காட்டும் வடிவம் கிடையாது. கெல்திக்கு அடை பெயரைப் பின்பற்றித் திரிந்தது. தமிழடை வினையைப் பின்பற்றித் திரிந்தது. சங்கச் செய்யுள்களில் மிகுந்து வழங்கிய இக்குறிப்பு வினைமுற்றுக்கள் இக்காலப் பேச்சில் அருகிவிட்டன. ஆயினும் பெரிய கிண்ணியாவின் 'பெரிய' அந்த அமைப்பிலிருந்து வந்து, அகரவீற்றை மட்டும் வைத்துக்கொண்டு, பேச்சு வழக்கில் முழு உயிரோடு உலவுகிறது. எம். ஏ. நுஃமான் 1999இல் வெளியிட்ட 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' பெயரடையைத் தனிச்சொல்வகையாகக் கொண்டமை இந்நிலையை ஏற்றதாகும். இக்காலத் தமிழுக்கு அது தகும். பழந்தமிழுக்கு அவ்வகைப்பாட்டை அப்படியே ஏற்றுதல் தகாது.

ஊர்ப்பெயர்களின் அமைப்பைக் கொண்டு குடியிருப்புக்களின் காலத்தைக் கணிக்கும் முயற்சிக்கு இங்கே ஒரு தடை எழுகிறது. திருகோணமலை மாவட்டத்தில் ஊர்ப்பெயரின் தொன்மை பற்றிய வாதம் வெறும் ஏட்டு வாதமன்று. நிலத்தோடும் உரிமையோடும் பின்னிய வாதம். பேராறு என்பது பழைய விதிப்படி அமைந்தது, பெரியாற்றுமுனை பிற்கால வழக்குப்படி அமைந்தது, ஆகவே முன்னது காலத்தால் முந்திய ஊர் என்று கூறிவிடத் தோன்றும். அவ்வாறு கூறுதல் பொருந்தாது. பேருந்து என்னும் சொல் இருபதாம் நூற்றாண்டின் ஆக்கம். இராஜாஜிக்கு வழங்கிய மூதறிஞர் என்னும் சிறப்புப்பெயரும் அந்நூற்றாண்டினது. பேர், மூது என்னும் வடிவங்கள் கற்றோர் நாவிற் சாகாமல் இருந்து, வேண்டும்போதெல்லாம் புதுச்சொல் தந்தன. வடிவத்தின் பழமை ஊரின் பழமைக்குச் சான்றாகாது. பெயரிட்டவர் எத்தமிழை நாடினர் என்பதற்கு மட்டும் அது சான்றாகும். மக்கள் தம் பேச்சிலே பெரிய, சின்ன, வெள்ளை என்று பெயரிட்டனர்; ஏட்டுவழக்கின் சார்பு உள்ள இடத்திலே பேரும் மூதும் வந்தன. நோவியோமாகுஸ் என்னும் 'புதுச்சந்தை' உரோமர் காலத்து ஊர் என்பதையும் இங்கு நினைவு கொள்ளலாம்.

எஞ்சியிருப்பது ஒப்புத்தரம். கெல்திக்கு அடைக்கு அதுவும் திரிபாலேயே அமைந்தது. பழைய ஐரிஷிலே சென் என்பதற்கு மேல் சினியு, அதற்கு மேல் சினெம் என்பன உண்டு. வெல்ஷில் ஹீன், ஹனவ் என்பன. இலத்தீனிலே இதே வேரின் ஒப்புவடிவம் செனியோர். இஸ்பானியத்தின் மதிப்புச்சொல்லாகிய செஞோர் அதன் வழிவந்தது. தமிழில் அடைக்கு இத்தகைய விகுதி இல்லை என்று இலக்கண நூல்கள் கூறுவது சரியே. எனினும் முதிய, மூத்த என்னும் இரண்டையும் அருகருகே வைத்தால் வேறொன்று தோன்றும். முதியவன் என்றால் வயது சென்றவன். மூத்தவன் என்றால் மற்றொருவனை விட வயது கூடியவன். ஐந்து வயதுச் சிறுவனும் தன் தம்பிக்கு மூத்தவனாவான். ஒரே மூவடி, குறில் வடிவத்திலே நிலையான பண்பையும் நெடில் பெயரெச்ச வடிவத்திலே ஒப்புநிலையையும் பங்கிட்டுக்கொண்டது. விகுதியாற் செய்யாததைத் தமிழ் அடியின் இரு வடிவங்களாற் செய்துகொண்டது எனலாம்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் உறவுப்பெயர்கள் இதனை இன்னும் ஒருபடி கொண்டுசெல்கின்றன. பாட்டியை மூத்தம்மா எனவும் பாட்டனை மூத்தாப்பா எனவும் அழைக்கும் வழக்கு அங்குப் பல ஊர்களில் உண்டு. பெரியம்மா என்பது தாயின் தமக்கையைக் குறிக்க, மூத்தம்மா தாய்க்கும் மேலான தலைமுறையைக் குறிக்கிறது. பெரிய, மூத்த என்னும் இரு அடைகளும் இங்குத் தலைமுறை எல்லையைக் காக்கும் பணியைப் பகிர்ந்துகொண்டன. மலையாளத்திலே பாட்டியைக் குறிக்கும் முத்தச்சியும் மூத்த என்பதோடு அச்சி சேர்ந்தே பிறந்தது. ஆனால் அங்கு ஒற்றிரட்டைக்கு முன் நின்ற ஊகாரம் குறுகிவிட்டது. முத்தச்சியின் தகர இரட்டை புத்தூரின் இரட்டை போன்றதன்று. மூத்தான் என்பதிலுள்ள இறந்தகாலத் தகரம் அது. கொட்டியாரக் கரையின் பேச்சிலோ அந்த ஊகாரம் மூத்தம்மாவிலும் மூதூரிலும் இன்றுவரை குறுகாமல் நிற்கிறது.